பூனைக்கு முன்னால் ஒரு மணி நேரம்

கேள்வி: மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. சென்னையில் இருக்கிறோம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பதால் பெரும்பாலும் நான்தான் தனியாகப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறேன். மால், பூங்கா, கடற்கரை எல்லாம் போய்ப் பார்த்தாயிற்று. அரை மணி நேரத்தில் "போர் அடிக்குது, போன் குடு" என்கிறார்கள். நான் களைத்துப்போய் வீடு வந்து சேர்கிறேன். இரண்டு பேருக்கும் வரையப் பிடிக்கும். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? எங்கே போகலாம்?

பதில்:

பிள்ளைகளிடம் குறை இல்லை, போன இடங்களிலும் குறை இல்லை. நாம் போடும் திட்டத்தில்தான் கோளாறு. பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் உங்களுக்கு இருப்பதுபோலவே ஒரு பெரியவன், ஒரு சின்னவள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் சொந்தப் பிள்ளைகளிடம் தோற்ற கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. மாமல்லபுரம் போவதென்று முடிவு. போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அப்புறம் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கலங்கரை விளக்கம், சாயங்காலம் கடலில் கால் நனைத்துவிட்டு வீடு என்று ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தேன். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாற்றுத் துணி, குடை எல்லாம் பையில். கடற்கரைக் கோயிலிலேயே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஐந்து ரதத்தில் பெரியவன் மணலில் சப்பென்று உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் சின்னவள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். நூற்றுக்கும் மேல் போட்டோ எடுத்திருந்தேன். ஒன்றில்கூட யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி "எங்கடா போயிட்டு வந்த?" என்று கேட்டார். அவ்வளவு இடங்களில் அவன் சொன்னது ஒன்றைத்தான். "அங்க ஒரு பூனை சாமி கும்புடுது பாட்டி. எலி எல்லாம் பயப்படாம கீழ நிக்குது."

அந்தப் பூனையை நான் காட்டவே இல்லை. "அங்க பாரு யானை" என்று கையை நீட்டிவிட்டு நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவனாகவே பார்த்தது. அடுத்த மாதம் மறுபடி போனோம், பூனையைப் பார்க்க மட்டும்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பூனை இருப்பது அர்ச்சுனன் தபசில். பல்லவர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெரும்பாறைகளின் முகத்தில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் அது. ஏறத்தாழ 90 அடி நீளம், 40 அடிக்கு மேல் உயரம். நடுவில் பாறை பிளந்திருக்கும் இடத்தில் நாகர்கள் மேலேறி வருகிறார்கள். அர்ச்சுனன் சிவனிடம் பாசுபதம் என்ற ஆயுதம் வேண்டித் தவம் செய்கிறான் என்று ஒரு சாரார், பகீரதன் கங்கையைக் கொண்டுவருகிறான் என்று இன்னொரு சாரார். அந்த வழக்கு ஆராய்ச்சியாளர்களோடு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வேண்டியது கீழே, யானையின் காலடியில் இருக்கிறது. ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது, சுற்றிலும் எலிகள். பிளவுக்கு மறுபக்கம் ஒற்றைக் காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு மனிதர்.

அன்று முழுக்க நாங்கள் இருந்தது அந்த ஒரு பாறைக்கு முன்னால்தான். ஒரு மணி நேரம் இருக்கும். பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக் கொடுத்துவிட்டு நானும் ஓர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். சுமார் இருபது நிமிடம் கழித்துப் பெரியவன் என் முழங்கையை இழுத்தான். "அம்மா, அந்தப் பூனை அந்தத் தாத்தாவப் பாத்துக் காப்பி அடிக்குது!" ஓவியக் கல்லூரியில் படித்த எனக்கு இதை ஒரு விரிவுரையில் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்குப் பென்சில் சொல்லிக் கொடுத்தது. சின்னவள் பூனையைத் திரும்பியும் பார்க்கவில்லை. யானையின் வயிற்றுக்குக் கீழே ஒண்டியிருக்கும் குட்டிகளை உருளைக்கிழங்கு மாதிரி மூன்று வட்டமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் கன்றை நக்கும் பசுவைப் பார்க்கப் போய்விட்டாள். மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்தோம். யாரும் வாந்தி எடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான். ஒரு நாளைக்கு ஓர் இடம், அந்த இடத்திலும் ஒரே ஒரு பொருள். மறுபாதி கொஞ்சம் கஷ்டமானது: நீங்களும் உட்கார்ந்து வரைய வேண்டும். நம்மில் பலர் வெளியே போனால் காவல்காரியாகவும் போட்டோகிராஃபராகவும் சாப்பாட்டு இன்சார்ஜாகவும் மாறிவிடுகிறோம். "ஓடாத", "தொடாத", "இங்க பாரு, சிரி". நாம் எதையும் பார்ப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது. அம்மாவே பார்க்காத ஒன்றை அவர்கள் ஏன் அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு வரைய வராதே என்று சொல்லாதீர்கள். வராமல் இருப்பது இன்னும் நல்லது. அம்மா வரைந்த யானை பன்றி மாதிரி இருந்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் சிரிப்புதான், அப்புறம் தப்பாக வரைந்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கும் போய்விடும்.

பையில் வைத்துக்கொள்ள அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை, பத்து ஏ4 தாள், ஒரு 4பி பென்சில், நாலைந்து மெழுகு கிரேயான். வாட்டர் கலர் வேண்டாம், தண்ணீர் கொட்டுவதைத் துடைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். ரப்பரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரப்பர் கையில் இருந்தால் எட்டு வயதுக்காரன் ஒரு கோடு போட்டு மூன்று முறை அழிப்பான். வரைந்து முடித்ததும் தாளின் பின்னால் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். அதற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நாலு வயதும் எட்டு வயதும். இரண்டு பேரும் ஒரே தாளில் ஒரே மாதிரி வரைவார்கள் என்று எதிர்பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். நாலு வயதுக் குழந்தை வரையும் மனிதர்களைக் கவனித்திருப்பீர்கள், தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். உடம்பே இருக்காது, கை இருந்தால் அது காது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அது தவறு கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் அந்தப் படியைத் தாண்டித்தான் வருகிறார்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947லேயே இந்த வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். கிறுக்கல், அப்புறம் நாலு வயதையொட்டி இந்தத் தலைக்கால் மனிதர்கள், ஏழு வயதையொட்டித் தாளின் அடியில் ஒரு தரைக்கோடும் மேலே ஒரு நீலக் கோட்டு வானமும். ஒன்பதையொட்டி "நிஜம் மாதிரி வரலையே" என்ற ஏக்கம் தொடங்குகிறது. என் வகுப்புகளில் பல பிள்ளைகள் வரைவதையே நிறுத்துவது அந்த வயதில்தான். உங்கள் மகன் அதன் வாசலில் நிற்கிறான். அவனிடம் "சூப்பர்" என்று சொல்வதில் பயன் இல்லை, பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். "இந்தக் காதை எப்படி யோசிச்ச?" என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கோபத்தையும் இறக்கி வைத்துவிடுகிறேன். பெரியவனை ஒரு கோடை விடுமுறையில் தனியார் ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்த்தேன், எனக்கு நேரம் இல்லை என்ற சாக்கில். ஒரு மாதம் கழித்து அவன் கொண்டு வந்த நோட்டில் எட்டுப் படங்கள். எட்டிலும் முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், நாலு 'வி' எழுத்துப் பறவை. அவன் பிறந்து வளர்ந்தது வேளச்சேரியில். மலை என்று அவன் பார்த்தது பரங்கிமலையை மட்டும்தான், அதன் மேல் மாதா கோயில் இருக்கிறது. நாய்க்கு நீல வண்ணம் அடித்ததற்கு அங்கே சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். பணம் போனால் போகட்டும் என்று நிறுத்திவிட்டேன். சிற்பத்துக்கு முன்னாலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்த பிள்ளை அந்த இரண்டு மலைக்குத் திரும்பிப் போகாது.

சரி, இடங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851லிருந்து இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே எல்லாக் கூடத்தையும் பார்ப்பது என்று கிளம்பினால் பெரியவர்களுக்கே கால் விட்டுப்போகும். வெண்கலச் சிலைக் கூடம் மட்டும் போங்கள். அங்கே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். நடராஜர் என்றதும் நம் மனதில் வருவது சுற்றிலும் நெருப்பு எரியும் திருவாசியோடு இருக்கும் உருவம். இவருக்கு அது இல்லை, காலத்தில் தொலைந்துவிட்டது. பெரியவனிடம் "நெருப்பு வளையத்தை நீ போட்டுக் குடு" என்றேன். முக்கால் மணி நேரம் அவனிடம் சத்தமே இல்லை. சின்னவளுக்கு வேறு வேலை: கையை எண்ணி, எந்தக் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. உடுக்கை ஒன்றில், நெருப்பு ஒன்றில், ஒரு கை "பயப்படாதே" என்கிறது, இன்னொரு கை தூக்கிய காலைக் காட்டுகிறது. "காலுக்குக் கீழ இருக்கறவன் அழுவுறானாம்மா?" என்று கேட்டாள். முயலகன் முகத்தை நான் அதுவரை குனிந்து பார்த்ததே இல்லை. விலங்கியல் பகுதியில் திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு நாளைக்கென்று மிச்சம் வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த தடவை கிளம்ப அவர்களே அவசரப்படுத்துவார்கள்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஏனோ பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966இல் உருவாக்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். இந்தக் கதையைப் பெரியவனிடம் சொன்னபோது அவன் கேட்டது, "அப்ப படம் வரையறது வேலையாம்மா?" வேலைதான் என்று காட்ட ஊரில் வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வெளியே மரத்தடியில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள் நிற்கின்றன. எந்தச் சிற்பமும் இன்னது என்று சட்டென்று புரியாது என்பதே அங்கே விளையாட்டு, ஆளுக்கு ஒரு பெயர் வைக்கலாம். எங்கள் வீட்டு அகராதியில் ஒன்று "மாமாவின் குறட்டை".

முட்டுக்காட்டு தட்சிணசித்ராவுக்கு டிக்கெட் செலவு கொஞ்சம் உண்டு, செவ்வாய் விடுமுறை. 1996இல் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளை இருந்த இடத்தில் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தூணை வரையலாம். ஆனால் பிள்ளைகள் குயவர் சக்கரத்தை விட்டு நகர மாட்டார்கள். நகர்த்த முயல வேண்டாம், அன்றைய பொருள் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலைப் பண்ணையைப் பற்றி இரண்டு வரி. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது, திங்கள் விடுமுறை. முதலை அசையாமல் கிடப்பதால் வரைய அதைவிட நல்ல மாடல் கிடையாது. முட்டை கிடக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும் என்று சொல்லிப் பாருங்கள், எட்டு வயதுக்காரன் ஒரு வாரம் அதையே பேசுவான்.

இனி திறந்தவெளி. இதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். பெரியவனுக்குக் கண்ணாடி போட வேண்டுமோ என்று பரிசோதிக்கப் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "தினமும் எவ்வளவு நேரம் வெளிய இருக்கான்?" என்பதுதான். வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டமே நடக்கிறது. நம் ஊர் வெயிலில் அதைக் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிக்கரணை எங்களுக்குப் பக்கம். சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. குளிர்காலத்தில் பூநாரை வரும், கூழைக்கடா வரும். பறவை நிற்காது, பறந்துவிடும், எப்படி வரைவது என்று கேட்பார்கள். நாங்கள் பறவையின் கால்களை மட்டும் வரைவோம். நெடுங்கால் உள்ளானின் ரோஜா நிறக் குச்சிக் கால், நீலத் தாழைக்கோழியின் தடித்த சிவப்பு விரல்கள், இலைமேல் நடக்கும் இலைக்கோழியின் நீண்ட விரல்கள். பிறகு தாளை மாற்றிக்கொண்டு "இது யார் கால்?" என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னவள் ஒரு நாள் செருப்புப் போட்ட காலை வரைந்து கொடுத்தாள். யாராலும் சொல்ல முடியவில்லை. வாட்ச்மேன் தாத்தாவாம்! பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு தெரியும். "பறவைங்க வீட்டுல ஏன்மா நாம குப்பை கொட்டுறோம்?" என்று கேட்பார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. அதையும் சேர்த்து வரையச் சொன்னேன், வரைந்தார்கள்.

ஒரு முழு நாள் கிடைத்தால் வேடந்தாங்கல், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், நவம்பருக்கு மேல் மார்ச்சுக்குள். அங்கே பறவையைவிடச் சுவாரஸ்யமானது ஊர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது, அதுவே உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வந்தார்கள், தீபாவளிக்குப் பட்டாசும் வெடிப்பதில்லை. பட்டாசுக்கு உயிரை விடும் என் மகன் அந்த ஊர்ப் பையன் ஒருவனிடம் "நெஜமாவே ஒண்ணுகூட வெடிக்க மாட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடற்கரை என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது பஜ்ஜியும் பலூன் சுடுவதும் ஞாபகம் வரும். காலையில் ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் போய்ப் பாருங்கள், அது வேறு கடற்கரை. ஈர மணலில் நண்டு ஓடிய தடம் தையல் போட்டது மாதிரி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே வளை வரை போகலாம். மணலில் விரலால் பெரிது பெரிதாக வரையலாம். ரப்பர் வேலையை அலை பார்த்துக்கொள்ளும். ஊரூர் குப்பத்துப் பக்கம் வலை பிரிக்கும் அண்ணன்களிடம் மரியாதையாகக் கேட்டால் மீன் பெயர் எல்லாம் சொல்வார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே கூடாது. நம் கரையில் அலை திரும்பும்போது இழுக்கும் இழுப்பு பெரியவர்களையே கவிழ்த்துவிடும். தனியாக இரண்டு பிள்ளைகளோடு போகும்போது ஒருத்தி தண்ணீரில், ஒருத்தன் கரையில் என்றே இருக்கக் கூடாது. மூன்று பேரும் ஒன்றாக நனைய வேண்டும், ஒன்றாக ஏற வேண்டும்.

அதே கடற்கரையில் எங்கள் வீட்டின் வருடாந்திரத் திருவிழா ஒன்று உண்டு. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறுகின்றன. மாணவர்களும் இளைஞர்களும் 1988இலிருந்து ஓர் அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடந்து, நாயும் மனிதரும் எடுத்துவிடாமல் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். அந்த இரவு நடை சுமார் 7 கிலோமீட்டர், விடியற்காலைதான் முடியும், உங்கள் சின்னப் பெண்ணுக்கு இப்போது வேண்டாம். ஆனால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் முட்டைகள் பொரிந்துவிடும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம்.

போன வருடம் நாங்கள் நின்ற மாலையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐம்பது பேர் இருந்திருப்போம். கூடையைச் சாய்த்ததும் தீப்பெட்டி அளவில் கருத்த குஞ்சுகள், கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாத மாதிரி கிடந்தன. அப்புறம் ஒன்று துடுப்பை அசைத்தது. மணலில் பொம்மைக் கார் டயர் போன மாதிரி ஒரு தடம். அலை வந்து தூக்கிப் பின்னால் எறிந்தது. மல்லாந்து விழுந்து, புரண்டு, மறுபடி கிளம்பியது. யாரோ ஒருவர் போன் டார்ச்சைப் போட, இரண்டு குஞ்சுகள் அந்தப் பக்கம் திரும்பின. "லைட்ட அணைங்க அங்கிள்!" என்று முதலில் கத்தியது எங்கள் பெரியவன். கடல்பக்க வெளிச்சத்தை நம்பித்தான் அவை போகின்றன, நம் விளக்கு வழியைக் கெடுத்துவிடும் என்று பத்து நிமிடம் முன்னால் அந்தத் தன்னார்வலர் அக்கா சொல்லியிருந்தார். ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். அதைச் சொல்லலாமா என்று தயங்கினேன், சொன்னேன். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் ஒதுங்கியதை அவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று போட்டோ எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேரும் நினைவிலிருந்து வரைந்தோம். சின்னவள் தாளில் ஆமையே இல்லை, ஐம்பது ஜோடிக் கால்கள்தான். அவள் உயரத்துக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. அடுத்த தடவை தோளில் தூக்கிக்கொண்டேன்.

போக்குவரத்து ஒரு பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். மாநகரச் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை. பறக்கும் ரயில் பிள்ளைகளுக்கு ஒரு பொருட்காட்சி மாதிரிதான், ஜன்னலோரம் உட்கார வைத்தால் பக்கிங்காம் கால்வாயும் மொட்டை மாடிகளும் ஓடும். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழ் கட்டணம் கிடையாது. உண்மையான பிரச்சினை கழிப்பறைதான், இதை யாரும் எழுதுவதில்லை. அருங்காட்சியகத்திலும் தட்சிணசித்ராவிலும் சமாளிக்கலாம், கடற்கரையிலும் சதுப்பிலும் கஷ்டம். அங்கெல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் திட்டம் போடுவதில்லை.

வெயிலோ மழையோ வந்து ஞாயிறு வீட்டிலேயே போனால் வாசல் இருக்கிறது. மூன்று புள்ளி வைத்துச் சுற்றிச் சுற்றி ஒரே கோட்டில் சிக்குக் கோலம் போட எட்டு வயதுப் பையனுக்குக் கற்றுக் கொடுங்கள், அது பெண்பிள்ளை வேலை என்று யாராவது சொன்னால் 1970களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலத்தை வைத்துக் கணினிக்கான இலக்கணம் (வடிவங்களை உருவாக்கும் விதிகள்) எழுதினார்கள் என்று சொல்லுங்கள். வண்ணமும் கடையில் வாங்க வேண்டியதில்லை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. மஞ்சள்தூளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. சுண்ணாம்பு கையை அரிக்கும், அதை மட்டும் நீங்கள் கலந்து கொடுங்கள்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தடை எதுவும் போடவில்லை. வரையும் நேரத்தில் என்னுடையதும் பையில் இருக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் கேட்பார்கள். கேட்கட்டும்.

தேதி எழுதச் சொன்னதற்குக் காரணம் இது. பூனையைப் பார்க்க இதுவரை நாலு முறை போய்விட்டோம். முதல் தாளில் பூனைக்கு மீசை மட்டும்தான் பெரிது. இரண்டாவதில் எலிகளை எண்ணி வரைந்திருக்கிறான். மூன்றாவதில் பூனையும் தவசியும் ஒரே தாளில், ஒரே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு. போன டிசம்பரில் போனபோது அவன் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரோட்டோரம் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அக்காவையும் அவர் தள்ளுவண்டியையும் வரைந்துகொண்டிருந்தான். மிளகாய்ப்பொடி டப்பா வரைக்கும் இருந்தது.

"பூனைடா?" என்றேன்.

"அது அங்கயேதான் இருக்கும். இந்த அக்கா பன்னெண்டு மணிக்குப் போயிடுவாங்களாம்" என்றான், தலையைத் தூக்காமலே.